பெனர் அடிக்க முன் கொஞ்சம் பொறுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வளர்ந்த பிள்ளைகள் உள்ள உம்மா வாப்பாமார் நேரமெடுத்து வாசியுங்கள்.

கடந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எனது பழைய மாணவன் ஒருவனின் உம்மா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் காணி உறுதி.

"சேர், மகனுக்கு இரத்மலானையில பிளேன் ஓட்டப் படிக்க இடம் கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் வகுப்பு தொடங்குது. அவங்கட வாப்பா கட்டார்லருந்து கொஞ்சம் அனுப்புவாரு. மிச்சத்துக்கு இந்த ரெண்டு ஏக்கரையும் ஈடு வெக்கவா? நீங்க சொன்னா வெக்கிறன்."

நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒரு சாதாரண ஆசிரியர். கல்வியியற் கல்லூரியில் படித்து வந்தவன். விமானத்தில் ஏறியதே உம்றாவுக்குப் போன ஒரு தடவைதான். "ராத்தா, ஒரு கிழமை தாங்க, தேடிப் பார்த்துச் சொல்றன்" என்று அனுப்பி வைத்தேன். அந்த ஒரு கிழமை விதிமுறைகளை வாசித்தேன். பயிற்சியை முடித்த ஒரு சகோதரருடன் இரண்டு இரவு தொலைபேசியில் பேசினேன். ராத்தாவுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி இனி ஒரு வீட்டுக் கேள்வியாக மட்டும் இருக்கப் போவதில்லை. உயர்தரத்தில் கணிதப் பிரிவு செய்யும் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேராவது என்னிடம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மகன் இன்னும் ஒரு மணித்தியாலம்கூடப் பறக்கவில்லை. அதற்குள் ஊரில் "கெப்டன்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். "எமது மண்ணின் எதிர்கால விமானி" என்று பெனர் அடிக்க ஒரு விளையாட்டுக் கழகம் அவனது படத்தைக் கேட்டிருக்கிறது. அன்பில்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் இந்த அன்பு அவனுக்குக் கெடுதி செய்யும் என்பது எனது அபிப்பிராயம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் ராத்தாவின் கேள்விக்கு வருவோம்.

*முதலாவது, காசு கட்ட முன் வைத்தியப் பரிசோதனை.*

நம்மில் பலர் முதலில் கட்டணத்தைக் கட்டி, தங்குமிடம் எடுத்து, உடுப்புத் தைத்த பிறகுதான் "மெடிக்கல்" என்று ஓடுகிறார்கள். இது தலைகீழ். வர்த்தக விமானியாக வேண்டுமானால் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சிவில் விமான சேவைகள் அதிகார சபை ஏற்றுக்கொண்ட வைத்தியரிடம்தான் அதைச் செய்யலாம். கண், காது, இதயத்துடிப்புப் பதிவு, இரத்தம், சிறுநீர், பழைய நோய்கள், சத்திரசிகிச்சைகள் எல்லாம் பார்ப்பார்கள். நிறங்களைப் பிரித்தறியும் சோதனையும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரிக்க முடியாத குறை ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். பலருக்குத் தனக்கு அது இருப்பதே பதினெட்டு வயது வரை தெரியாது. காணியை ஈடு வைத்த பிறகு அதைத் தெரிந்துகொள்வதை விட முதலே தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு தவறான கதையையும் இங்கே நிறுத்த வேண்டும். "கண்ணாடி போட்ட பிள்ளை விமானி ஆகேலாது" என்று ஊரில் சொல்கிறார்கள். சர்வதேச விதியில் அப்படி இல்லை. கண்ணாடியோடு பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/9 அளவுக்கும், இரு கண்ணும் சேர்ந்து 6/6 அளவுக்கும் வந்தால் போதும். கண்ணாடி போட்டிருக்கும் காரணத்துக்காகவே ஆசையைக் கைவிட்ட பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

*இரண்டாவது, முழுக் காசையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டாம்.*

பயிற்சி படிப்படியாகப் போகிறது. முதலில் மாணவ விமானி. பிறகு தனியார் விமானி அனுமதிப்பத்திரம். அதற்கு சர்வதேச அளவுகோலில் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு. பிறகு வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம். அதற்குக் குறைந்தது 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சித் திட்டமாக இருந்தால் 150. கவனியுங்கள், இவை குறைந்தபட்சக் கணக்குகள். 40 மணித்தியாலத்தில் சரியாக முடிப்பவர்கள் குறைவு. மேலதிகமாகப் பறக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காசு வேறு.

காலநிலையும் நம் கையில் இல்லை. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இரத்மலானைப் பக்கம் மழையும் முகிலும். இடைப்பருவ காலத்தில் பின்னேரங்களில் இடி மின்னல். ஆரம்ப மாணவன் பறக்கும் சிறிய விமானம், உதாரணமாக செஸ்னா 152, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடியது. 110 குதிரை வலு இயந்திரம். அதை இடிமுகிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோக எந்தப் பயிற்றுவிப்பாளரும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. ஆகவே விளம்பரத்தில் சொன்ன மாதங்களில் முடியாமல் போகலாம். பறக்காத நாளுக்கும் அறை வாடகையும் சாப்பாடும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் செலவையும் முதலே கணக்கில் எடுங்கள்.

டொலரையும் மறக்க வேண்டாம். எரிபொருள், உதிரிப்பாகம் எல்லாம் வெளியிலிருந்து வருவது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டதை நாம் எல்லோரும் கண்டோம். கட்டணம் டொலரிலா ரூபாயிலா, இடையில் மாறுமா, பிள்ளை இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் முழுத் தொகையையும் முதலிலேயே கட்டிவிட்டு, பிள்ளை இடையில் நின்றபோது ஒரு சதமும் திரும்பப் பெற முடியாமல் இருந்தது. எந்த இடம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் கையெழுத்திட்ட தாளில் எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. யாரும் வாசிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. அனுமதிப்பத்திரம் கிடைப்பதும் வேலை கிடைப்பதும் இரண்டு வேறு விடயங்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி, இரட்டை இயந்திர விமானத் தகுதி, பிறகு குறிப்பிட்ட பெரிய விமானத்துக்கான தனிப் பயிற்சி என்று பாதை நீளமானது. உலகில் விமான சேவைகள் ஆட்களை எடுக்கும் காலமும் உண்டு, 2020 இல் கண்டதுபோல வீட்டுக்கு அனுப்பும் காலமும் உண்டு. வேலை கிடைக்கத் தாமதமானால் கடனை எதைக் கொண்டு கட்டுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் காணி உறுதியை வெளியே எடுக்கக் கூடாது.

*மூன்றாவது, வகுப்பு தொடங்க முன் இருக்கும் மாதம்.*

மகன் என்னிடம் கேட்டான், "சேர், இப்ப இருந்து என்ன செய்யலாம்?" என்று. யூடியூபில் விமானம் இறங்கும் வீடியோ பார்ப்பதைக் குறை என்று முதலில் சொன்னேன். சிரித்தான்.

ஆங்கிலம். வானொலியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச வேண்டும். சர்வதேச விதிப்படி ஆங்கிலத் தேர்ச்சியில் குறைந்தது நான்காம் மட்டம் வேண்டும். இலக்கணம் மனப்பாடம் செய்து வருவது இதற்குப் போதாது. கேட்டதை விளங்கி, திருப்பிச் சொல்லி, விளங்கவில்லை என்றால் மறுபடி கேட்கத் தெரிய வேண்டும். நமது பிள்ளைகள் தோற்பது கடைசியாகச் சொன்னதில்தான். "விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

உயர்தரப் பௌதிகவியல் கொப்பியை எரிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். காவி, திருப்பம், அமுக்கம் எல்லாம் அங்கே உயிரோடு வரும். விமானத்தில் யார் எங்கே இருக்கிறார், எரிபொருள் எவ்வளவு என்று திருப்பக் கணக்குப் போட்டுத்தான் சமநிலை பார்க்கிறார்கள். காற்றின் வேகத்தைக் காவியாகக் கூட்டித்தான் எந்தப் பக்கம் மூக்கைத் திருப்புவது என்று முடிவெடுக்கிறார்கள். விமானிகளிடம் ஒரு எளிய விதி இருக்கிறது: திசையில் 1 பாகை பிழைத்தால் 60 கடல் மைல் போகும்போது 1 கடல் மைல் விலகியிருப்பாய். இரத்மலானையிலிருந்து மட்டக்களப்பு நேர்கோட்டில் சுமார் 120 கடல் மைல். 5 பாகை பிழையைக் கவனிக்காமல் வந்தால் ஏறத்தாழ 10 கடல் மைல், அதாவது 18 கிலோமீற்றருக்கு மேல் விலகிப் போய்விடுவான். வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கீழே பார்த்து, வரைபடத்தைப் பார்த்து, "பிழைத்துவிட்டேன்" என்று ஒத்துக்கொண்டால் சின்னத் திருத்தம் போதும்.

உடம்பு. பறக்க முன் விமானி தன்னைத் தானே கேட்க வேண்டிய கேள்விகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நோய் ஏதும் உண்டா, மருந்து ஏதும் எடுத்தேனா, மனதில் பாரம் உண்டா, மது, களைப்பு, சாப்பாடு. மது நமக்கு ஹராம், அந்தக் கேள்வி முடிந்தது. மற்றவை முடியவில்லை. தடிமனுக்கு நாம் சும்மா போடும் பிரிட்டோன் குளிசை நித்திரை வரவைக்கும். மூக்கடைப்போடு மேலே போனால் இறங்கும்போது காது வலி தாங்க முடியாது. நோன்பு காலத்தில் நோன்போடு இருக்கிறேன் என்பதைப் பயிற்றுவிப்பாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று பறப்பா, வகுப்பா என்று இருவரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். மார்க்கச் சட்டம் தெரிய வேண்டுமானால் ஹஸ்ரத்மாரிடம் கேட்கட்டும்.

இனி பெனர் விடயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சம்பவம், இதில் பிழை என்னுடையது.

இந்த மகன் பத்தாம் ஆண்டில் படிக்கும்போது ஆய்வுகூடத்தில் ஒரு இரச வெப்பமானி காணாமல் போனது. யாரும் எடுக்கவில்லை என்றார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு அலுமாரிக்குப் பின்னால் உடைந்த கண்ணாடியும், பலகை இடுக்கில் இரசத் துளிகளும் கிடைத்தன. உடைத்தவன் இவன்தான். இரச ஆவி நஞ்சு. நாற்பது பிள்ளைகள் இரண்டு கிழமை அந்த அறையில் இருந்திருக்கிறார்கள். "ஏன்டா சொல்லல்ல?" என்று கேட்டேன். அவன் அழுதுகொண்டு சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "நீங்க அடிப்பீங்க சேர்."

அது உண்மை. அந்தக் காலத்தில் நான் அடிக்கும் ஆசிரியர். அதற்கு முந்திய மாதம் ஒரு முகவை உடைத்த பிள்ளையை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி ஏசியிருந்தேன். முகவை உடைந்ததைச் சொன்னவனைத் தண்டித்தேன். அதனால் வெப்பமானி உடைந்ததை மறைக்க முப்பத்தொன்பது பேருக்கும் படிப்பித்துவிட்டேன். அன்றிலிருந்து எனது ஆய்வுகூடத்தில் ஒரு விதி: உடைத்தால் உடனே சொல், ஒரு வார்த்தையும் ஏசமாட்டேன். மறைத்தால் மட்டும்தான் பிரச்சினை.

இந்தக் கிழமை வாசிக்கும்போதுதான் அறிந்தேன், இரசம் சிந்துவதற்கு விமானங்களில் ஏன் அவ்வளவு பயப்படுகிறார்கள் என்று. அலுமினியத்தில் பட்டால் அதை உள்ளே அரித்துக்கொண்டு போகும். விமானத்தின் உடம்பு பெரும்பாலும் அலுமினியக் கலப்பு. மறைத்த ஒரு துளி போதும்.

1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு நமது மலையகத்தில் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன ஹாஜிகளோடு வந்த டிசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்க வந்து, மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் வபாத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். விமானநிலையத்திலிருந்து தாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைக் குழுவினர் பிழையாகக் கணித்து, இறங்குவது பாதுகாப்பு என்று நினைத்துவிட்டார்கள் என்பதே விசாரணையின் முடிவு.

1977 மார்ச் 27 இல் டெனரீப் தீவில் பனிமூட்டத்தில் இரண்டு போயிங் 747 ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். பறக்கத் தொடங்கிய விமானத்தின் கெப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்றுவிப்பாளர். அருகில் இருந்த விமானப் பொறியியலாளர், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையா என்று கேட்டார். கெப்டன் போய்விட்டது என்றார். அதற்கு மேல் யாரும் அவரோடு வாதிக்கவில்லை. இதற்குப் பிறகுதான் இளையவர் மூத்தவரிடம் "பிழை, நிறுத்துங்கள்" என்று சொல்லவும், மூத்தவர் அதைக் கேட்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே உருவானது.

நமது பிள்ளைகளை நாம் எப்படி வளர்க்கிறோம்? பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே. சேர் சொன்னால் சரிதான். தோற்றால் ஊருக்கு வெட்கம். இப்படி வளர்ந்த பிள்ளை பயிற்றுவிப்பாளரின் பக்கத்தில் இருந்துகொண்டு, "சேர், நீங்கள் எரிபொருளைப் பார்க்க மறந்துவிட்டீர்கள்" என்று சொல்லுமா? மரியாதை குறையாமல் உண்மையைச் சொல்லும் பழக்கத்தை வீட்டிலும் பள்ளியிலும்தான் பழக்க வேண்டும்.

பெனரை நான் வேண்டாம் என்பது இதனால்தான். முகச்சந்தியில் பத்தடிப் படத்தில் "கெப்டன்" ஆகிவிட்ட பிள்ளைக்கு, முதலாவது தனிப் பறப்பு தள்ளிப்போனால் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்ல வாய் வராது. பரீட்சையில் ஒரு பாடம் தவறினால் மறைப்பான். காது அடைத்திருந்தாலும் "நல்லம் சேர்" என்று சொல்லி ஏறுவான். இறங்கும்போது ஏதாவது சரியில்லை என்றால் இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வருவதுதான் சரியான செயல். நல்ல விமானிகள் அதைத் தயங்காமல் செய்கிறார்கள். ஊரே கீழே நின்று கைதட்டிக்கொண்டிருந்தால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது இலகு இல்லை.

"சேர், நம்மட ஊர்ல ஒரு பிள்ளை போகுது, ஊக்கப்படுத்தாம விடலாமா? பெனரைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளைகள் ஆசைப்படும்தானே" என்று கழகத்துத் தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆசைப்படட்டும், ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும். ஆனால் பெனரைப் பார்த்து வரும் ஆசைக்கு முகிலும் மழையும் கடனும் தெரியாது. அதைவிட, முதலாவது அனுமதிப்பத்திரம் எடுத்த பிறகு அவனைப் பாடசாலைக்கு அழைத்து, எத்தனை தடவை பிழை விட்டான், எப்படித் திருத்தினான் என்று பிள்ளைகளுக்கு முன்னால் பேச வைப்போம். பெனருக்கு வைத்த காசில் அவனுக்கு வழிகாட்டல் புத்தகங்கள் வாங்கிக் கொடுக்கலாம். தம்பி சம்மதித்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்.

ராத்தாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். உறுதியைத் திரும்ப அலுமாரியில் வையுங்கள். முதலில் மெடிக்கல். அது சரியானால் தனியார் அனுமதிப்பத்திரம் வரைக்கும் உள்ள காசை மட்டும், வாப்பா அனுப்புவதில் இருந்து தவணையாகக் கட்டுங்கள். அந்தக் கட்டம் முடிந்த பிறகு, பிள்ளைக்கு இது பொருந்துகிறதா என்று அவனிடமும் பயிற்றுவிப்பாளரிடமும் கேட்டுவிட்டு, காணியைப் பற்றி யோசிக்கலாம். யோசித்தாலும் ஒரு ஏக்கர்தான். குடியிருக்கும் வளவைத் தொடவே வேண்டாம். இடையில் அவன் "உம்மா, எனக்கு இது சரிவரல்ல" என்று சொன்னால் ஏசாமல் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

கடைசி வசனத்தில்தான் ராத்தா அழுதார். "அப்படி வந்தா ஊர் சிரிக்கும் சேர்" என்றார்.

ஊர் என்றால் நாம்தான். சிரிக்க மாட்டோம் என்று இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள். நான் ராத்தாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

நேற்று மகன் மெடிக்கலுக்காகக் கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனான். பஸ் ஏற முன் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: "சேர், சின்ன வயசில எனக்குக் காதுல சீழ் வந்த. டொக்டர்ட்ட சொல்லவா?"

"முதல்ல அதத்தான் சொல்லணும் மகன்" என்றேன்.

அவனுக்காக துஆச் செய்யுங்கள். முடிவு எதுவானாலும்.